ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? கணக்குக்கு வெளியே நிற்கும் நோயாளிகள்

1962-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு கூடியது. பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் 1960-ல் உருவாக்கிய ஒரு சிறு குழாய் அமைப்பின் உதவியால், சிறுநீரகம் முழுவதும் செயலிழந்தவர்களை டயாலிசிஸ் மூலம் ஆண்டுக்கணக்கில் வாழவைக்க முடியும் என்று ஆகியிருந்தது. அதுவரை அந்த நோய் வந்தால் மரணம் உறுதி. ஆனால் இருந்த இயந்திரங்களும் பணமும் மிகச் சிலருக்கே போதுமானவை. மருத்துவ ரீதியில் தகுதியானவர்கள் என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தவர்களிலேயே யாருக்கு இடம் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் அந்தக் குழு. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அரசு அதிகாரி, ஒரு அறுவை மருத்துவர் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை. நோயாளியின் வயது, திருமணம், பிள்ளைகள், வருமானம், படிப்பு, தேவாலயத்துக்குப் போகிறாரா என்பது வரை அவர்கள் பார்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லைஃப் இதழ் இதை விரிவாக எழுதியபோது, படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1972-ல், அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகச் செயலிழப்பு உள்ள ஏறத்தாழ எல்லோருக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை என்று சட்டம் செய்தது. அது நல்ல முடிவு. ஆனால் பலர் இதிலிருந்து ஒரு தவறான பாடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சியாட்டிலில் கொடுமையாக இருந்தது தேர்ந்தெடுக்க நேர்ந்தது மட்டும்தானா? எந்த அளவுகோலால் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், அதை யாரும் கேள்வி கேட்க முடியாமல் மூடிய அறைக்குள் செய்தார்கள் என்பதும் அதைவிடக் கொடுமை. தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை 1972-க்குப் பிறகும் போய்விடவில்லை, வேறு நோய்களுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இன்று உலகின் ஒவ்வொரு மருத்துவ அமைப்பிலும் அது நடந்துகொண்டிருக்கிறது. சுகாதாரப் பொருளாதாரம் என்ற துறை, அந்தத் தேர்வைக் கண் திறந்து செய்வதற்கான முயற்சி.

இதைச் சொன்னதும் உடனே ஒரு எதிர்ப்பு வரும்: உயிருக்கு விலை போடலாமா? இந்தக் கேள்வியில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்வி ஒரு ஆளை மட்டுமே பார்க்கிறது. எதிரில் படுத்திருக்கும் நோயாளி கண்ணுக்குத் தெரிகிறார். அவருக்குச் செலவழிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, அது வேறு யாருக்குப் போயிருக்கும் என்பது தெரிவதில்லை.

வரிப்பணமோ, காப்பீட்டுச் சந்தாவோ, எல்லாம் சேர்ந்து ஒரு ஆண்டுக்கு ஒரு தொகைதான். தொகையைக் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். பல நாடுகள் சுகாதாரத்துக்கு வெட்கப்படும்படி குறைவாகத்தான் ஒதுக்குகின்றன. ஆனால் எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தொகைக்கு ஒரு எல்லை இருக்கும். பணம் மட்டும் அல்ல, செவிலியர்களின் நேரம், அறுவை அரங்கின் மணிநேரங்கள், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எல்லாமே அளவானவை. விலை உயர்ந்த ஒரு புதிய மருந்து பட்டியலுக்குள் வரும்போது வேறு ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. மூட்டு அறுவைக்கான காத்திருப்பு சில மாதங்கள் நீளும். காலியான ஒரு மனநல ஆலோசகர் பணியிடம் நிரப்பப்படாமலே போகும். இப்படி இழப்பவர்களுக்குத் தாங்கள் எதனால் இழந்தோம் என்பதே தெரியாது. அவர்களுக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை, அவர்களின் புகைப்படம் செய்தித்தாளில் வருவதில்லை. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று சொல்வது இதைத்தான். மருத்துவத்தில் அந்தச் செலவின் உண்மையான நாணயம் இன்னொருவரின் உடல்நலம்.

கண்ணெதிரே ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற எவ்வளவும் செலவழிக்கத் துடிப்பதும், புள்ளிவிவரத்தில் மட்டும் இருக்கும் ஆயிரம் பேரை மறப்பதும் மனித இயல்பு. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-லேயே இந்த வேறுபாட்டைச் சுட்டினார். மருத்துவ அறவியலாளர் ஆல்பர்ட் ஜான்சன் 1986-ல் இந்த உந்துதலுக்கு ‘மீட்பு விதி’ என்று பெயரிட்டார். அந்த உந்துதல் இல்லாத சமூகத்தில் வாழ யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் பொதுப்பணத்தை ஒதுக்கும் இடத்தில் அதை மட்டும் நம்பினால், பெயர் தெரிந்தவர்களுக்குக் கிடைப்பதும் பெயர் தெரியாதவர்களுக்குக் கிடைக்காததும் வழக்கமாகிவிடும்.

நலத்தை எண்ணாக மாற்றுவது

சரி, ஒப்பிட வேண்டும். எப்படி? ஒரு மருந்து ஆயுளை நீட்டுகிறது, இன்னொன்று வலியைக் குறைக்கிறது, மூன்றாவது பார்வையைக் காக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு பொது அலகு தேவை. 1960-களின் இறுதியில், அதே சிறுநீரக நோயை வைத்தே இந்தத் தேடல் தொடங்கியது. ஹெர்பர்ட் கிளார்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1968-ல் டயாலிசிஸையும் மாற்றுச் சிறுநீரக அறுவையையும் ஒப்பிட்டபோது, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வாழும் ஓர் ஆண்டு, இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட ஓர் ஆண்டைவிட மேலானது என்று கணக்கில் சேர்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் அது ‘தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு’ என்ற அலகாக உருவெடுத்தது. துறையில் இதைச் சுருக்கமாக ‘குவாலி’ என்பார்கள்.

கருத்து எளிது. முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு 1. மரணம் 0. இடைப்பட்ட நிலைகளுக்கு இடைப்பட்ட மதிப்பு. மரணத்தைவிட மோசம் என்று மக்கள் கருதும் நிலைகளுக்கு 0-க்கும் கீழான எதிர்மறை மதிப்பும் உண்டு. இந்த மதிப்புகளை ஆய்வாளர் தன் விருப்பப்படி போடுவதில்லை, மக்களிடம் கேட்டுப் பெறுகிறார். ஒரு வழி இப்படி: ‘இந்த வலியோடு 10 ஆண்டு வாழலாம், அல்லது முழு நலத்தோடு அதைவிடக் குறைவாக வாழலாம். எத்தனை ஆண்டு என்றால் இரண்டும் உங்களுக்குச் சமம்?’ ஒருவர் 7 என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.7. பரவலாகப் பயன்படும் ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாள் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: நடமாட்டம், தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள்; மொத்தம் 3,125 விதமான உடல்நிலைகளை அதால் குறிக்க முடியும்.

விளக்கத்துக்காக நானே வைக்கும் எண்களோடு ஒரு கணக்கு. முழங்கால் தேய்ந்து, 0.5 என்ற தரத்தில் வாழும் ஒருவருக்கு மூட்டு மாற்றினால் தரம் 0.8 ஆகிறது, அது 15 ஆண்டு நீடிக்கிறது என்போம். லாபம் ஆண்டுக்கு 0.3, மொத்தம் 4.5 குவாலி. இதற்குக் கூடுதல் செலவு 9 லட்சம், எந்த நாட்டு நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு குவாலிக்கு 2 லட்சம். இன்னொரு பக்கம், முற்றிய புற்றுநோய்க்கு ஒரு மருந்து, 0.6 என்ற தரத்தில் நான்கு மாதம் கூடுதல் ஆயுள் தருகிறது: 0.2 குவாலி. செலவு 20 லட்சம். ஒரு குவாலிக்கு ஒரு கோடி. அந்த நான்கு மாதம் அற்பமானது என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது எல்லாமுமாக இருக்கலாம். கணக்கு சொல்வது, அதே 20 லட்சத்தில் இரண்டு பேர் தங்கள் கால்களில் எழுந்து 15 ஆண்டு நடந்திருப்பார்கள் என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகும் புற்றுநோய் மருந்தையே தேர்வு செய்யலாம். ஆனால் எதை விட்டுவிட்டு என்று தெரிந்து செய்யலாம்.

எதோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில்

‘இந்தச் சிகிச்சை செலவுக்கேற்ற பலன் தருமா’ என்று தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை. எதைவிட, யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். செய்திகளில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1975-ல் நியூஹௌசர், லெவிக்கி என்ற இருவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். குடல் புற்றுநோயைக் கண்டறிய மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதிக்கும் எளிய பரிசோதனையை ஒரே நபருக்கு அடுத்தடுத்து ஆறு முறை செய்ய அப்போது பரிந்துரை இருந்தது. அவர்கள் போட்ட கணக்கில் 10,000 பேரில் 72 பேருக்குப் புற்றுநோய். முதல் சோதனையே ஏறத்தாழ 66 பேரைக் கண்டுபிடித்துவிடும். இரண்டாவது முடியும்போது 71-ஐத் தாண்டிவிடும். ஆறு சோதனைகளும் சேர்த்து, கண்டறிந்த ஒரு நோயாளிக்குச் சராசரிச் செலவு 2,451 டாலர். கேட்க மிக நியாயமான தொகை. ஆனால் ஐந்தோடு நிறுத்தாமல் ஆறாவது சோதனையையும் செய்வதால் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு 4.7 கோடி டாலர்! சராசரி எண்ணுக்குள் இது முழுவதும் மறைந்திருந்தது. இந்தக் கட்டுரையின் அனுமானங்கள் பிற்பாடு கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதனையும் முந்தையதைச் சாராமல் அதே திறனோடு வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள். அந்த விமர்சனம் சரியானதே. ஆனாலும், சராசரியைப் பார்க்காதே, கடைசியாகச் சேர்க்கும் அந்த ஒரு படிக்கு என்ன கிடைக்கிறது என்று பார் என்ற அணுகுமுறை நிலைத்துவிட்டது. பொருளியலில் இதை இறுதிநிலைச் செலவு, இறுதிநிலைப் பயன் என்பார்கள்.

ஒரே மருந்துகூட ஆளுக்கு ஆள் வேறு கணக்கு. மாரடைப்பு ஆபத்து அதிகம் உள்ளவருக்கு, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தருவதும், ஆபத்து மிகக் குறைந்தவருக்குத் தருவதும் ஒன்றல்ல. விலை மாறினாலும் தீர்ப்பு மாறும். காப்புரிமை முடிந்து ஸ்டாட்டின்களின் விலை சரிந்த பிறகு, இங்கிலாந்தில் சிகிச்சைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2014-ல் தன் பரிந்துரையைத் திருத்தியது. அதுவரை பத்து ஆண்டில் இதய, ரத்தநாள நோய் வரும் வாய்ப்பு 20 விழுக்காடு உள்ளவர்களுக்குத்தான் பரிந்துரை. அதை 10 விழுக்காடாகக் குறைத்தது. மருந்து அதே மருந்துதான், அதற்குள் இருந்த வேதிப்பொருளில் எந்த மாற்றமும் இல்லை.

எல்லைக் கோட்டை யார் போடுவது

நைஸ் அமைப்பு 1999-ல் தொடங்கப்பட்டது. பொதுச் சுகாதார சேவை எந்தச் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்று அது ஆராய்ந்து சொல்கிறது. ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதுதான் நெடுங்காலமாக அது வைத்திருந்த வழிகாட்டு எல்லை. இதற்கு முன்பே, 1993-ல், ஆஸ்திரேலியா அரசு மானியம் கேட்கும் மருந்துகளுக்குச் செலவு–பலன் ஆதாரத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. தாய்லாந்தில் 2007 முதல் ஹைடாப் என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. நடுத்தர வருமான நாடுகளுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அங்கே ஒரு தவறான முடிவு விழுங்கும் பணம் மிக அடிப்படையான சேவைகளிலிருந்து வருகிறது.

20,000–30,000 என்ற எண் எந்த ஆய்விலிருந்தும் பிறந்ததல்ல, ஏறத்தாழ நடைமுறையில் உருவான வழக்கம். யார்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளாக்ஸ்டனும் குழுவினரும் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்தச் சுகாதார சேவை இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைகளில், இறுதிநிலையில் ஒரு குவாலியை உண்டாக்க எவ்வளவு செலவாகிறது? 2015-ல் வெளியான அவர்களின் விடை, ஏறத்தாழ 13,000 பவுண்டு. இதன் பொருளை மெதுவாக யோசிக்க வேண்டும். 30,000 பவுண்டுக்கு ஒரு குவாலி தரும் மருந்தை ஏற்றுக்கொண்டால், ஒரு இடத்தில் ஒரு குவாலி கூடுகிறது. வேறு எங்கோ இரண்டுக்கும் மேற்பட்ட குவாலிகள் குறைகின்றன. நாம் இரக்கத்தால் தாராளமாக இருந்ததாக நினைத்த இடத்தில், மொத்தத்தில் நோயாளிகளின் நலம் குறைந்திருக்கிறது.

இங்கிலாந்து அரசு இதை நேரடியாகவே அனுபவித்தது. நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளுக்காக 2010-ல் தனி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது, மக்கள் ஆதரவும் இருந்தது. 2016 வரை அது 127 கோடி பவுண்டு செலவழித்தது. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, அந்த நிதியில் இருந்த 47 மருந்துப் பயன்பாடுகளை (இந்த மருந்து, இந்தப் புற்றுநோய்க்கு என்பவை) அலசியது. அவற்றில் 18-க்கு மட்டுமே ஆயுளை நீட்டியதற்குப் புள்ளியியல் ரீதியான ஆதாரம் இருந்தது. அவற்றிலும் நீட்டிப்பின் இடைநிலை அளவு 3.1 மாதம். அதே 127 கோடி புற்றுநோயாளிகளுக்கே வேறு வழிகளில், விரைவான பரிசோதனைக்கும் கதிரியக்க சிகிச்சைக்கும் வலி நிவாரணத்துக்கும் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

குவாலி யாருக்கு அநீதி செய்கிறது

இந்த முறையை ஆதரித்து எழுதும் நானும் மறைக்கக் கூடாத குறைகள் இதில் உண்டு. மிகக் கடுமையான குற்றச்சாட்டு மாற்றுத்திறனாளிகளிடமிருந்து வருவது. நிரந்தரக் குறைபாடு உள்ள ஒருவரின் ஓர் ஆண்டை 0.6 என்று மதிப்பிட்டால், அவர் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சைக்குக் கிடைக்கும் குவாலியும் குறைகிறது. ஏற்கனவே ஒரு இழப்போடு வாழ்பவர், அந்த இழப்பின் காரணமாகவே சிகிச்சையிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். தத்துவவாதி ஜான் ஹாரிஸ் 1987-லேயே இதை எழுப்பினார். இன்னொரு சிக்கல், மதிப்பு போடுபவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில் வாழாத பொதுமக்கள். சக்கர நாற்காலி வாழ்க்கையையோ டயாலிசிஸ் வாழ்க்கையையோ வெளியிலிருந்து கற்பனை செய்பவர்கள், அதில் வாழ்பவர்களைவிடக் குறைவான மதிப்பே கொடுக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இது அரசியல் மோதலாகவே வெடித்தது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் கூடுதல் மக்களைச் சேர்ப்பதற்காக, எந்தச் சிகிச்சைகளுக்குப் பணம் தருவது என்று வரிசைப்படுத்த மாநிலம் முடிவு செய்தது. 1990-ல் சுமார் 1,600 சிகிச்சைகளின் முதல் பட்டியல் வந்தபோது, பல்லுக்கு உறை போடுவது குடல்வால் அறுவையைவிட மேலே இருந்தது. பல் உறையின் பலன் சிறியது, ஆனால் செலவு அதைவிடச் சிறியது. விகிதம் அதற்குச் சாதகமாக அமைந்துவிட்டது. குடல்வால் வெடித்தால் உயிர் போகும் என்பதை அந்த விகிதம் கண்டுகொள்ளவில்லை. பட்டியலை ஆணையம் மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் 1992-ல் மத்திய அரசு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணாக உள்ளது என்று திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. திருத்திய திட்டம் 1994-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 2010-ல் நிறைவேறிய அமெரிக்க சுகாதாரச் சட்டம், குவாலிக்கு இவ்வளவு டாலர் என்ற எல்லையை வைத்து முடிவெடுக்க மெடிகேருக்குத் தடை விதித்ததற்குப் பின்னணியிலும் இந்த அச்சம் உண்டு.

குறை உண்மை என்பதால் அளவையே தூக்கி எறிவது தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. அளவு இல்லாத இடத்தில் ஒதுக்கீடு நிற்பதில்லை; யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ, யாருக்குப் பண பலம் இருக்கிறதோ அவர்களுக்குப் போகிறது. அதில் முதலில் அடிபடுபவர்கள் மாற்றுத்திறனாளிகளும் ஏழைகளும்தான். பல நாடுகள் அளவை வைத்துக்கொண்டே திருத்துகின்றன. நோய் எவ்வளவு கடுமையோ அதற்கேற்பக் கூடுதல் எடை என்பது நெதர்லாந்திலும் நார்வேயிலும் நடைமுறை. நைஸும் 2022 முதல், மிகக் கடுமையான நோய்களில் கிடைக்கும் குவாலியை 1.2 அல்லது 1.7 மடங்காக எண்ணுகிறது. இளம் வயதில் ஆயுளின் பெரும்பகுதியை இழக்கப்போகிறவருக்கு முன்னுரிமை தரலாமா என்ற கேள்விக்கு எந்தச் சூத்திரமும் விடை தராது. அது சமூகம் பேசித் தீர்க்க வேண்டியது.

காலமும் கணக்கை வளைக்கிறது. பொருளியலாளர்கள் எதிர்காலப் பலனை ஆண்டுக்கு 3 அல்லது 3.5 விழுக்காடு வீதம் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 3.5 விழுக்காட்டில், 30 ஆண்டு கழித்துக் கிடைக்கும் ஒரு குவாலியின் இன்றைய மதிப்பு 0.36-தான். பதின்ம வயதில் போடும் தடுப்பூசி நடுத்தர வயதில் புற்றுநோயைத் தடுக்கிறது என்றால், அதன் பலனில் பெரும்பகுதி இப்படிக் கரைந்துபோகிறது. பணத்துக்கு இந்தக் கழிவு பொருந்தும். உடல்நலத்துக்கும் அதே வீதத்தைப் போட வேண்டுமா என்பது இன்னும் முடியாத விவாதம். எனக்கு அது தடுப்பு மருத்துவத்துக்கு நியாயமற்றதாகத்தான் படுகிறது. அதே நேரம், ‘வருமுன் காத்தால் பணம் மிச்சம்’ என்று எல்லாத் தடுப்புக்கும் பொதுவாகச் சொல்வதும் தவறு. 2008-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் அலசலின்படி, ஆராயப்பட்ட தடுப்பு நடவடிக்கைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே உண்மையில் பணத்தை மிச்சப்படுத்தின. மற்றவை பணம் கேட்டன, பதிலுக்கு நலம் தந்தன. அதில் குறை ஒன்றுமில்லை. சிகிச்சை பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லையே, தடுப்பிடம் மட்டும் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

பலன் உண்டு, ஆனால் கட்டுப்படியாகுமா

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஹெபடைடிஸ்-சி தொற்றைச் சில வாரங்களில் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சைகளுக்கு அது வழி திறந்தது. 12 வார மருந்தின் பட்டியல் விலை 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர். அந்த விலையிலும் பல நோயாளிகளுக்கு அது செலவுக்கேற்ற பலன் தருவதாகவே ஆய்வுகள் கண்டன, ஏனென்றால் கல்லீரல் புற்றுநோயும் மாற்றுக் கல்லீரல் அறுவையும் தவிர்க்கப்படுகின்றன. ஆனால் தொற்று உள்ளவர்களோ லட்சக்கணக்கில். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர முயன்றால் எந்த நிதியும் தாங்காது. அதனால் பல அமெரிக்க மாநிலங்கள் கல்லீரல் ஏற்கனவே மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வரம்பு போட்டன. குணமாக்கும் மருந்து கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, உன் கல்லீரல் இன்னும் கொஞ்சம் கெடட்டும் என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

எகிப்து வேறு வழியில் போனது. உலகில் இந்தத் தொற்று மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. மாதத்துக்கு 300 டாலர், அதாவது 12 வாரத்துக்கு ஏறத்தாழ 900 டாலர் என்று நிறுவனத்தோடு பேசி முடித்தது. பிறகு உள்நாட்டிலேயே ஜெனரிக் மருந்து தயாராகி விலை இன்னும் பல மடங்கு இறங்கியது. கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை தந்தது. 2023-ல், இந்த நோயை ஒழிக்கும் பாதையில் உலக சுகாதார நிறுவனத்தின் தங்கத் தகுதி பெற்ற முதல் நாடானது. செலவு–பலன் கணக்கு விலையை மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்ளும்போது ஏமாந்துபோகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. விலை என்பது பேரம், காப்புரிமை, போட்டி ஆகியவற்றின் விளைவு.

பலனைப் பற்றிய ஆதாரத்திலும் கவனம் வேண்டும். கட்டி சுருங்கியது, ரத்த அளவு சீரானது என்பவை இடைக்கால அடையாளங்கள். நோயாளி நீண்ட நாள் வாழ்ந்தாரா, நன்றாக வாழ்ந்தாரா என்பதற்கு அவை உத்தரவாதம் அல்ல. 1980-களில் மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை அடக்க என்கைனைட், ஃப்ளெகைனைட் மருந்துகள் தரப்பட்டன. துடிப்பு சீரானது. காஸ்ட் என்ற பெரிய ஆய்வு நடத்திப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில்தான் மரணம் அதிகம் என்று தெரிந்தது. அடையாளத்தை மட்டும் நம்பிக் குவாலி கணக்கு போட்டிருந்தால், உயிரைக் குடிக்கும் ஒரு சிகிச்சை பட்டியலில் மேலே நின்றிருக்கும்.

செலவு என்பதிலும் மருந்தின் விலை ஒரு பகுதிதான். அல்சைமர் நோய்க்கான லெகனெமாப்பை 2024 ஆகஸ்டில் தன் வரைவில் நைஸ் மறுத்தபோது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுவதும், பக்கவிளைவுகளைத் தீவிரமாகக் கண்காணிப்பதும் சேர்ந்த பெருஞ்செலவைச் சுட்டிக்காட்டியது. பலன், நோய் அடுத்த கட்டத்துக்குப் போவதைச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் தள்ளிப்போடுவது. இன்னொரு பக்கம், பல நாடுகளின் கணக்குகள் சுகாதாரத் துறையின் செலவை மட்டுமே எண்ணுகின்றன. நோயாளியின் பயணம், இழந்த கூலி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளின், மனைவியின் ஆண்டுகள் அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி மருத்துவமனை மிச்சம் பிடித்ததாகக் காட்டும்போது, அந்தச் சுமை பெரும்பாலும் ஊதியமில்லாமல் உழைக்கும் ஒரு பெண்ணின் தோளுக்குத்தான் போயிருக்கிறது. அவருடைய நேரத்தையும் உடல்நலத்தையும் சேர்க்காத எந்தக் கணக்கையும் முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவுக்கும் மேலாக இப்போது பெரிதாகிவரும் ஒரு தடை உண்டு. அரசுகளும் காப்பீட்டு அமைப்புகளும் உண்மையில் கொடுக்கும் மருந்து விலை பெரும்பாலும் ரகசியம். நிறுவனங்கள் பட்டியல் விலையை உயரத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக, வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு தள்ளுபடி தருகின்றன. வெளியாகும் மதிப்பீட்டு அறிக்கைகளில், ஒரு குவாலிக்கு எவ்வளவு என்ற மிக முக்கியமான எண்ணே கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும். 2019-ல் உலக சுகாதாரப் பேரவை, இத்தாலியின் முன்முயற்சியில், நாடுகள் தாங்கள் கொடுக்கும் நிகர விலையைப் பகிர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மருந்தை ஆராய்ந்து உருவாக்க ஆன செலவையும் வெளியிடச் சொல்ல வேண்டும் என்ற பகுதி, நாடுகளின் எதிர்ப்பால் நீர்த்துப்போனது. தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ரகசிய ஒப்பந்தங்கள் தொடர்கின்றன. ஒரு நாட்டின் மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு நேர்மையாகக் கணக்குப் போட்டாலும், அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை நோயாளியோ செய்தியாளரோ பக்கத்து நாட்டு அமைச்சரோ இன்று சரிபார்க்க முடியாது.